எலும்புப் போர்வையின் இரகசியம் கண்டவர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால், தென்காசியில் எங்கள் வீட்டிற்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை நாள் அன்று. என் தந்தையார் கறிக்கடையில் கூலிக்கு வேலை பார்ப்பவர். சீசன் மாதங்களில் அருவிக்கு வரும் கூட்டத்தால் வியாபாரம் மிகும். நானும் உதவிக்குச் செல்வேன். ஆட்டுக்கால் எலும்பின்மேல் கண்ணாடித்தாள் போல ஒரு சவ்வு ஒட்டியிருக்கும். அதைக் கத்தி நுனியால் நெடுகக் கீறி உரித்தால், உரித்த துண்டு நீளத்தில் சுருங்கிவிடும். அதனை இழுத்துப் பார்த்தால் முதலில் சிறிது இளகிக் கொடுக்கும், பின்னர் விறைத்து நிற்கும், எளிதில் அறாது. இத்துணை மெல்லிய பொருளுக்கு இவ்வளவு வலிமை எப்படி வந்தது என்று அப்பாவிடம் கேட்டேன். அது அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு அடுத்த எலும்பை எடுத்தார்.

விடை கல்லூரியில் கிடைத்தது. அச்சவ்வின் பெயர் பெரியாஸ்டியம். மத்தளத்தில் தோலை இழுத்துக் கட்டுவது போல, எலும்பின்மேல் அது இழுவிசையுடனேயே போர்த்தப்பட்டிருக்கிறது. உரித்தால் சுருங்குவது அதனால்தான். அதன் நார்கள் பெரும்பாலும் எலும்பின் நீளவாக்கில் ஓடுகின்றன. சில நார்கள் எலும்புக்குள்ளேயே ஆணி போல் இறங்கியிருக்கின்றன. சுருள் சுருளாக இருக்கும் நார்கள் நிமிரும்வரை சவ்வு இளகும், நிமிர்ந்தபின் விறைக்கும். நரம்புகள் நிறைந்திருப்பதால்தான், அருவிக்கரைப் பாறையில் வழுக்கி முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் அடிபட்டால் உயிர் போய் உயிர் வருகிறது! அந்த நார்களின் பொருள் கொலாஜன் என்னும் புரதம். தோலும் தசைநாணும் எலும்பும்கூட அதனை நம்பியே நிற்கின்றன.

அந்தக் கொலாஜனின் உள்ளமைப்பை உலகுக்குக் காட்டியவர் சென்னையில் இருந்த ஜி. என். இராமச்சந்திரன் என்று அறிந்தபோது வியந்தேன். அவர் பெயரின் முதலெழுத்து கோபாலசமுத்திரத்தைக் குறிக்கும். நம் நெல்லைச் சீமையிலும் அப்பெயரில் ஓர் ஊர் உண்டல்லவா! அந்த ஈர்ப்பிலேயே அவர் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

1922ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தையார் கணிதப் பேராசிரியர். திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்று, 1942இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். சர் சி. வி. இராமன் அவரது திறத்தைக் கண்டு தம் இயற்பியல் துறைக்கு இழுத்துக்கொண்டார். பின்னர் கேம்பிரிட்ஜ் சென்று 1949இல் முனைவர் பட்டம் பெற்றார். 1952இல், முப்பது வயது நிறையுமுன்பே, சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறைத் தலைவரானார். அவரை அழைத்தவர் துணைவேந்தர் டாக்டர் ஏ. இலட்சுமணசாமி முதலியார்.

சென்னைக்கு வந்திருந்த ஆங்கில அறிஞர் பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். அதுவே விதையாயிற்று. அருகிலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் வழியாகக் கங்காருவின் வால் தசைநாண் கிடைத்தது. அதில் எக்ஸ் கதிர்களைச் செலுத்திப் படம் எடுத்து, கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954இல் ‘நேச்சர்’ இதழில் முதல் வடிவத்தையும், 1955இல் திருத்திய வடிவத்தையும் வெளியிட்டார்.

அது என்ன வடிவம்? நம் கிணற்றடிக் கயிறுதான்! ஒவ்வொரு புரியையும் ஒரு பக்கம் முறுக்கி, பின் புரிகளைச் சேர்த்து எதிர்ப்பக்கம் முறுக்கினால் கயிறு பிரியாது. கொலாஜனிலும் இடப்புறம் சுழன்ற மூன்று சங்கிலிகள் ஒன்றாக வலப்புறம் முறுக்கிக்கொள்கின்றன. நடுவே இடம் மிகக் குறுகல்; ஆகவே ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் மிகச் சிறிய அமினோ அமிலமான கிளைசின் அமர்கிறது. அவ்விடத்தில் வேறொன்று வந்து அமர்ந்தால், எலும்புகள் எளிதில் முறியும் பிறவி நோய் உண்டாகலாம்.

ஆனால் பாராட்டோடு கண்டனமும் வந்தது. கேம்பிரிட்ஜில் இருந்த கிரிக்கும் ரிச்சும், அவ்வமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்றனர். தங்கள் வடிவத்தையும் வெளியிட்டனர். நுண்விவரங்களில் அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. மூன்று சங்கிலி முறுக்கு மட்டும் நிலைத்தது. வேறொருவராயின் சினந்திருப்பார், அல்லது சோர்ந்திருப்பார். இராமச்சந்திரனோ அக்கண்டனத்தையே கேள்வியாக மாற்றினார். இரண்டு அணுக்கள் எவ்வளவு தூரம் நெருங்கலாம்? அதுவரை அறியப்பட்ட படிகங்களையெல்லாம் அலசி அளவு கண்டார். அதிலிருந்து 1963இல், இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன், எந்தப் புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்கலாம் என்பதைக் காட்டும் படத்தை வரைந்தார். இராமச்சந்திரன் வரைபடம் எனப்படும் அதனைக் கொண்டுதான் இன்றும் புதிய புரத அமைப்புகளைச் சரிபார்க்கின்றனர். 1977இல் இலண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. நோபல் பரிசு கிட்டவில்லை. 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் சென்னையில் மறைந்தார்.

நண்பர்களே, ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். அவருக்குக் கணிதம் வீட்டிலேயே கிடைத்தது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். வகுப்பில் தவறாக விடை சொல்லிவிடுவேனோ என்ற அச்சத்தால் முதலாண்டு முழுவதும் கடைசி வரிசையில் வாய் மூடி இருந்தேன். உலக அறிஞர்கள் பிழை சுட்டியபோது இவர் என்ன செய்தார் என்று படித்தபின், அவ்வச்சம் எனக்கு வெட்கமாகத் தோன்றியது. இப்போது கேள்வி கேட்கிறேன், தவறினால் திருத்திக்கொள்கிறேன்.

சென்ற ஞாயிறன்று கடையில், மூன்று சணல் நூல்களை முறுக்கி அப்பாவிடம் காட்டி, சவ்வின் இரகசியத்தை விளக்கினேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அந்த முறுக்கை வாங்கி இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். அறவில்லை.