புதுமைப்பித்தன்: வாழ்வும் கதை உத்தியும்

கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் சாலையில் அமைந்தது நம் குள்ளஞ்சாவடி. அச்சாலையின் கிழக்கே உள்ள திருப்பாதிரிப்புலியூரில் பிறந்து, மேற்கே உள்ள ஊரின் பெயரையே இயற்பெயராகக் கொண்டவர் சொ. விருத்தாசலம் என்னும் புதுமைப்பித்தன். வட்டத்தின் பத்தாண்டு நிறைவில் அவரை நினைப்பதற்கு மண்ணுறவு மட்டும் காரணமன்று. அங்கதம், தொன்மம், பின்னோக்கு, குறியீடு என்னும் கலைச்சொற்களை மாணவர் வரையறைகளாக மனப்பாடம் செய்கின்றனர். வகுப்பில் நானும் பல்லாண்டுகள் அவ்வாறே நடத்தியிருக்கிறேன். அச்சொற்கள் எதன் பொருட்டுத் தோன்றின என்பதை இவர் வாழ்வு தெளிவுறுத்தும்.

1906 ஏப்ரல் 25இல் அவர் பிறந்தார். தந்தை சொக்கலிங்கம் பிள்ளை தாசில்தாராதலின், செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி என இடம் மாறி இளமைக் கல்வி அமைந்தது. எட்டாம் வயதில் தாயை இழந்தார். தந்தை ஓய்வு பெற்றபின் 1918இல் குடும்பம் திருநெல்வேலி சென்றது. அங்கு இந்துக் கல்லூரியில் பயின்று 1931இல் பட்டம் பெற்றார். பின்னர் எழுத்தையே தொழிலாக நம்பிச் சென்னை சேர்ந்தார். மணிக்கொடி அவரைச் சிறுகதையாசிரியராக நிலைநிறுத்தியது. ஊழியன், தினமணி, தினசரி ஆகியவை பிழைப்பளித்தன. மனைவி கமலா பெரும்பாலும் திருவனந்தபுரத்தில் இருக்க, இவர் சென்னையில் வறுமையோடும் தனிமையோடும் வாழ்ந்தார்.

இவ்வாழ்வே உத்திகளைத் தேடச் செய்தது. தொல்காப்பியம் அங்கதத்தைச் செம்பொருள், பழிகரப்பு என இருவகையாக்கும். 1934இல் வெளிவந்த பொன்னகரம் என்னும் கதையில் இரண்டும் உள்ளன. ஆலைத் தொழிலாளர் வாழும் இருண்ட சந்துக்குப் பொன்னகரம் எனப் பெயரிட்டது பழிகரப்பு. காயமுற்ற கணவனுக்குக் கஞ்சி வார்க்கத் தன்னை விற்ற அம்மாளுவைக் காட்டி, கற்பைப் போற்றுவோரை இறுதியில் நேரே சாடுவது செம்பொருள்.

1943இல் வெளிவந்த செல்லம்மாள் மனைவியின் இறப்பில் தொடங்கிப் பின்னோக்கிச் செல்கிறது. முடிவு முன்னரே தெரிந்தமையால், பிழைப்பாளா என்னும் ஆவல் படிப்போர்க்கு எழுவதில்லை. துணிக்கடை ஊழியரான கணவர் அவளுக்குச் செய்யும் பணிவிடை ஒவ்வொன்றையும் நின்று காண்கிறோம். பின்னோக்கு உத்தியின் பயன் இதுவே. சாபவிமோசனத்தில் தொன்மம் விசாரணைக்கு உள்ளாகிறது. சீதையிடம் இராமன் தீக்குளிப்பை வேண்டினான் என்றறிந்த அகலிகை மீண்டும் கல்லாகிறாள். கதையை மாற்றியதாகச் சிலர் குறை கூறலாம். பழைய கதைக்குள் புதைந்திருந்த வினாவையே அவர் வெளிக்கொணர்ந்தார் என்பது என் கருத்து. கயிற்றைப் பாம்பெனக் காணும் வேதாந்த எடுத்துக்காட்டு கயிற்றரவில் குறியீடாகிறது.

நம் கவிஞர்கள் கருதத்தக்க செய்தி மற்றொன்றுண்டு. வேளூர் வே. கந்தசாமிப் பிள்ளை என்னும் பெயரில் அவர் கவிதைகளும் எழுதினார். கடவுளைச் சென்னைக்கு வரவழைத்த கதையின் தலைவருக்கும் கந்தசாமிப் பிள்ளை என்றே பெயர். தம்மையும் எள்ளலுக்கு விலக்காக அவர் வைத்ததில்லை.

இறுதியாண்டுகளில் திரைப்படத் துறையை நாடினார். சொந்தப் படமுயற்சி நிறைவேறவில்லை. ராஜமுக்தி படப்பணிக்காகப் புனே சென்றவரைக் காசநோய் பற்றியது. 1948 ஜூன் 30இல், 42 வயதில், திருவனந்தபுரத்தில் மறைந்தார். 2002இல் தமிழக அரசு அவர் நூல்களை நாட்டுடைமையாக்கியது.

வட்டத்து அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். இனி ஒரு கதையில் ஓர் உத்தியைச் சுட்டும்போது, அவ்வுத்தி இல்லையேல் அக்கதை எதனை இழக்கும் என்பதையும் சேர்த்துக் கூறுவோம். அம்மாளுவின் சந்துக்கு வேறொரு பெயரிட்டுப் பார்த்தால் அங்கதம் என்னும் சொல்லின் பொருள் நமக்கு விளங்கும். நானும் என் வகுப்பில் அவ்வாறே தொடங்க எண்ணியுள்ளேன்.