நாற்பது வேலி

சேக்கிழாரின் திருநாளைப்போவார் புராணத்தில் பண்ணைக்காரர் எவரும் இல்லை. கொள்ளிடக் கரை ஆதனூரில், பேரிகைக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் அளித்து வந்த அத்தொண்டர், தம் பிறப்பை எண்ணியே தில்லை செல்லத் தயங்கினார். நாளைப் போவேன் என்று அவர் நாள் கடத்தியதற்கு அங்கே வேறு காரணம் கூறப்படவில்லை. அக்காரணத்தை வயலில் தேடிக் கண்டவர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார்.

நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில் பிறந்த பாரதியார், முடிகொண்டான், ஆனந்ததாண்டவபுரம், மாயூரம் என்று காவிரிச் சமவெளியிலேயே வாழ்ந்தவர். இல்லறம் ஏற்காதவர். அத்வைதமும் இந்துஸ்தானி இசையும் பயின்றவர். ஆயினும் அவர் கண்முன் கிடந்தது மிராசுதாரரின் நிலமும், அதில் தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டு உழைத்த பண்ணையாட்களின் சேரியுமே. அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என்று கும்பினி அரசு 1843-இல் சட்டம் செய்த பின்னும், கடனும் கஞ்சியும் அவர்களை வரப்போடு பிணைத்தே வைத்திருந்தன.

பாரதியாரின் நந்தன் இத்தகைய பண்ணையாள். தில்லை செல்ல அவன் முதலில் வேண்டுவது வேதியராகிய ஆண்டையின் உத்தரவை. நாற்பது வேலி நிலத்தின் பயிர்வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார் அவர். ஒரு வேலி இருபது மா. நாற்பது வேலி ஏறத்தாழ 266 ஏக்கர். மாக்கணக்கு அறிந்த தஞ்சைத் தரணியில் இது அனுமதியன்று, மறுப்பே என்பதை எவரும் விளக்க வேண்டியதில்லை. பக்தி இங்கே ஒரு நாள் ஓய்வுக்கான வழக்காகிவிடுகிறது. இறையருளால் ஓரிரவில் பயிர் விளைய, ஆண்டை தம் ஆளின் காலில் விழுகிறார். அந்தணராகிய பாரதியார், நிலமுடையோரும் அமர்ந்து கேட்ட அவைகளில் இதைப் பாடினார் என்பதுதான் வியப்பு.

நூல் அச்சேறும் காலம் வந்தபோது மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சிறப்புப்பாயிரம் வேண்டினார். புராணத்தினின்று விலகியது, இலக்கண வழுக்கள் உடையது என்று பிள்ளையவர்கள் இசையவில்லை. பாரதியார் பலமுறை வந்து காத்திருந்தார். ஒருநாள் நண்பகலில், திண்ணையில் அமர்ந்து தமக்குத்தாமே நந்தனின் ஏக்கத்தைப் பாடிக்கொண்டிருக்க, உள்ளே இருந்த பிள்ளையவர்கள் மனமுருகிப் பாயிரம் தந்தார். புலமைக்கு இது தோல்வியன்று. பிள்ளையவர்களின் பெருமையே எனலாம்.

காரைக்காலில் பிரெஞ்சு அதிகாரி ஒருவரின் ஆதரவில், 1860-களின் தொடக்கத்தில், நந்தன் சரித்திரம் அச்சாயிற்று. காரைக்காலம்மையார் பிறந்த ஊரில் மற்றொரு நாயன்மாரின் கதை புத்தகமானது பொருத்தமே. அதே காலத்தில், 1861-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, பிரெஞ்சுத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் ஏற்றப்பட்ட துறைகளில் காரைக்காலும் ஒன்று. ஆண்டையிடம் உத்தரவு பெறாமல் வரப்பைவிட்டுப் போக உழவனுக்கு அன்று திறந்திருந்த வழிகளில் அக்கப்பலும் ஒன்றாயிற்று. அதுவும் விடுதலையாக அமையவில்லை.

தாது வருடப் பஞ்சத்தில், 1876 முதல் 1878 வரை மக்கள் மடிந்தபோது, மாயூரத்தில் கஞ்சி வார்த்த கிறித்தவரான வேதநாயகம் பிள்ளையைச் சைவரான பாரதியார் பாடிப் போற்றினார். பசியாற்றிய கை எச்சமயத்தது என்று அவர் பார்க்கவில்லை.

ஆனாலும் ஒரு குறை சொல்லத்தான் வேண்டும். வயலில் சேக்கிழாரை மீறத் துணிந்த பாரதியார், தில்லையில் துணியவில்லை. நந்தன் நெருப்பில் மூழ்கியே கோயிலுள் புகுகிறான். அந்த நெருப்பை மூட்டியவர் யார் என்று கேட்க, இந்திரா பார்த்தசாரதியின் நந்தன் கதை நாடகம் வரவேண்டியிருந்தது.