கீழக்கரைத் துறைமுகமும் வள்ளல் சீதக்காதியும்

பொருள் ஈட்டுவது அல்லாஹ்வின் அருட்கொடை. ஈட்டியதை நல்வழியில் செலவிடும் மனம் அதனினும் பெரிய அருட்கொடை. இவ்விரண்டும் ஒருங்கே வாய்க்கப் பெற்றவர் வள்ளல் சீதக்காதி ஆவார்.

ஷைகு அப்துல் காதிர் என்னும் பெயரே மக்கள் நாவில் சீதக்காதி என மருவிற்று. பெரியதம்பி மரைக்காயர் என்றும் அழைக்கப்பட்ட அவர், 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கீழக்கரையில் சிறப்புற்று வாழ்ந்தார்.

எதிரே அமைந்த தீவுகளும் பவளப்பாறைகளும் அலைகளின் வேகத்தைத் தணிப்பதால், கீழக்கரை மரக்கலங்களுக்கு ஏற்ற துறையாக விளங்கியது. முத்து, சங்கு, மிளகு, நெல், துணி ஆகியவற்றின் வாணிபம் அங்கே செழித்தது. 1658இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள், இக்கடல் வாணிபம் முழுவதையும் தமதாக்கிக் கொள்ள முனைந்தனர். அந்நெருக்கடியிலும் சீதக்காதி தளராது கப்பல்களைச் செலுத்தினார். சேதுநாட்டு மன்னர் கிழவன் சேதுபதி, சமய வேறுபாடு பாராது அவரைத் தம் உற்ற துணையாகப் போற்றினார்.

துறைமுகம் தந்த செல்வத்தை அவர் பூட்டி வைக்கவில்லை. பஞ்ச காலத்தில் ஏழைகளின் பசி தீர்த்தார். படிக்காசுப் புலவர் போன்றோரை ஆதரித்தார். மார்க்க மேதை சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களிடம் பெருமதிப்புக் கொண்டிருந்தார். அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வரலாற்றைக் காவியமாக்க உமறுப்புலவருக்கு உறுதுணையானார். சீறாப்புராணம் நிறைவுறுமுன் வள்ளல் மறைந்தார். பின்னர் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் அப்பணிக்குக் கைகொடுத்தார். இறந்த பின்னும் கொடுத்தவர் என்று சீதக்காதியைத் தமிழுலகம் இன்றும் பழமொழியால் போற்றுகிறது.

காலம் மாறியது. பாய்மரக் கப்பல்கள் மறைந்தன. பெரிய கப்பல்கள் தூத்துக்குடியை நாடின. 1974இல் அது நாட்டின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாயிற்று. 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. முத்தும் மிளகும் ஏற்றிய கீழக்கரைத் துறையில் இன்று மீன்பிடிப் படகுகளே நிற்கின்றன.

ஆயினும், திராவிடக் கட்டடக் கலையில் அவர் காலத்தில் எழுந்த கல்லுப்பள்ளியில் ஐவேளைத் தொழுகை இன்றும் நடைபெறுகிறது. அவ்வளாகத்திலேயே அவர் அடங்கியுள்ளார். கப்பல்களில் வந்த சரக்கில் ஒன்றும் எஞ்சவில்லை. அல்லாஹ்வுக்காகக் கொடுத்தவையே எஞ்சின. கடல் கடந்து பொருள் ஈட்டும் நம் சகோதரர்கள் இதனைச் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளனர்.

கொடுக்கும் கரங்களாக நம்மையும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.