ஐடா ஸ்கடர் அம்மையார்

நம் ஜொகூர்த் தோட்டங்களுக்கு வந்த முன்னோர் பலர் வட ஆர்க்காட்டினர். அம்மண்ணின் இராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்தவர் ஐடா அம்மையார். இளமையில், திண்டிவனத்தில், பிரசவ வேதனையுற்ற மூன்று பெண்களுக்காக ஒரே இரவில் மூன்று வீட்டார் அவரை அழைத்தனர். அவரோ வைத்தியம் அறியார். மருத்துவரான தந்தையை அனுப்பலாமென்றார். ஆடவர் தொடலாகாதென மறுத்தனர். விடிவதற்குள் மூவரும் மாண்டனர்.

அமெரிக்காவில் மருத்துவம் பயின்று, 1900-இல் வேலூரில் தொண்டு தொடங்கினார். அறுவை முடிந்தபின் இரவெல்லாம் நோயாளியைக் காப்பவர் தாதியரன்றோ? ஆகவே 1909-இல் தாதியர் பயிற்சிப் பள்ளி நிறுவினார். பிறர் புண் துடைப்பதை இழிதொழிலென்று எண்ணிப் பெற்றோர் தயங்கிய காலம் அது! ஆயினும் பெண்கள் வந்தனர், கற்றனர். 1946-இல் அங்கேயே தாதியர் பட்டப்படிப்பும் தோன்றியது. அதனைக் கண்ட அம்மையார், 1960-இல் கொடைக்கானலில் மறைந்தார்.