ஐடா ஸ்கடர்

ஐடா ஸ்கடர் (டிசம்பர் 9, 1870 – மே 24, 1960) வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவிய அமெரிக்க மருத்துவர் ஆவார். இராணிப்பேட்டையில் மறைப்பணி மருத்துவர் குடும்பத்தில் பிறந்தார். இளமையில் இவர் மறைப்பணியை விரும்பவில்லை.

திண்டிவனத்தில் தந்தையுடன் தங்கியிருந்தபோது, ஒரே இரவில் மூவர் தத்தம் மனைவியின் பேறுகாலத்துக்கு உதவுமாறு இவரை அழைத்தனர். இவர் மருத்துவம் கற்றவரல்லர். ஆண் மருத்துவரான தந்தையை அவர்கள் ஏற்கவில்லை. அவ்விரவை ஐடா உறக்கமின்றி இறைவேண்டலில் கழித்தார். காலையில் மூன்று பெண்களும் இறந்த செய்தி கிடைத்தது. அத்துயரை இறை அழைப்பாகக் கருதி மருத்துவராக முடிவெடுத்தார்.

1899 இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். நாடு திரும்பிய 1900 ஆம் ஆண்டிலேயே தந்தையை இழந்தபோதும் பணியைத் தொடர்ந்தார். 1902 இல் வேலூரில் மருத்துவமனையையும், 1918 இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். ஓய்வுக்காலத்தில் பழனி மலையிலுள்ள கொடைக்கானலில் வாழ்ந்து, அங்கேயே காலமானார்.