துப்புரவுத் தொழிலாளரின் துணைவர் மார்ட்டின் லூதர் கிங்

அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் 1929 சனவரி 15ஆம் நாள் பிறந்த மார்ட்டின் லூதர் கிங், 1955இல் முனைவர் பட்டமும் 1964இல் நோபல் அமைதிப் பரிசும் பெற்றவர். அப்பெருமகனாரின் இறுதிப் போராட்டம் குப்பை அள்ளுவோருக்காக நடந்தது.

மெம்பிசு நகரில் 1968 பிப்ரவரி 1ஆம் நாள், கருப்பினத் துப்புரவுத் தொழிலாளர் இருவர் குப்பை வண்டியின் இயந்திரத்தில் நசுங்கி மாண்டனர். 12ஆம் நாள் ஏறத்தாழ 1,300 பேர் வேலைநிறுத்தம் தொடங்கினர். மேயர் ஹென்றி லோப், அது சட்டவிரோதமெனக் கூறிச் சங்கத்தை ஏற்க மறுத்தார். ஊதியத்தில் சந்தா பிடித்துத் தரவும் இசையவில்லை.

மார்ச்சு 18இல் கிங் அங்குச் சென்று தொழிலாளரிடையே உரையாற்றினார். 28இல் அவர் முன்னின்ற ஊர்வலம் கலவரத்தில் முடிந்தது. அமைதியான ஊர்வலம் நடத்தியே தீர்வதென மீண்டும் வந்தவர், ஏப்ரல் 4ஆம் நாள் மாலை விடுதி மாடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். துயரை அடக்கிக்கொண்டு அவர் துணைவியார் கொரெட்டா அம்மையார் 8ஆம் நாள் அவ்வூர்வலத்தில் முன் நடந்தார். 16ஆம் நாள் நகர நிருவாகம் சங்கத்தை ஏற்றது, ஊதியமும் உயர்ந்தது.

இளைஞர்களே! கற்றவர் உழைப்பவரோடு நின்றார். நாம் பெறும் பட்டமும் நம்மை நம் உழைக்கும் உறவினரிடமிருந்து பிரிக்காதிருக்கட்டும்.