கோட்டை காத்த கட்டடக் கலைஞர்

பிரான்சு நாட்டின் தென்பகுதியில், ஒரு குன்றின்மேல் இரட்டை மதில்களும் 52 காவற்கோபுரங்களும் சூழ நிமிர்ந்து நிற்பது கார்க்கசோன் என்னும் கோட்டை நகரம். உரோமர் காலத்தில் தோன்றி இடைக்காலத்தில் வளர்ந்த அக்கோட்டை, 19 ஆம் நூற்றாண்டின் நடுவில் அழிவின் விளிம்பில் இருந்தது. நாட்டின் எல்லை தொலைவிற்குச் சென்றுவிட்டமையால் அதனால் போர்ப்பயன் இல்லை. மக்கள் அதன் கற்களைப் பெயர்த்துச் சென்றனர். அரசோ மதில்களை இடித்துவிடவே முடிவு செய்தது. அறிஞர்கள் கடுமையாக எதிர்த்தமையால் அம்முடிவு கைவிடப்பட்டது. பின்னர், 1853 இல், அதனைச் சீர்செய்யும் பணியைத் தொடங்கியவர் இயூசேன் வியோலே லெ டுக் என்பவர்.

இவர் 1814 இல் பாரிசு நகரில் பிறந்தார். கட்டடக்கலை பயில விரும்பிய இவர், புகழ்பெற்ற அரசுக் கலைப்பள்ளியில் சேர மறுத்தார். பண்டைய கிரேக்க, உரோமானிய முறைகளையே பெரிதெனப் போற்றிய அப்பள்ளி, இடைக்காலக் கட்டடங்களைப் பொருட்படுத்தவில்லை. ஆகவே இவர் பழைய கட்டடங்களையே ஆசானாகக் கொண்டார். பிரான்சிலும் இத்தாலியிலும் ஊர் ஊராகச் சென்று, கண்டவற்றையெல்லாம் வரைந்து கற்றார்.

அக்கல்வி வீண்போகவில்லை. 1840 இல், தம் 26 ஆம் வயதில், வெசலே என்னும் ஊரில் இடிந்துவிழும் நிலையிலிருந்த பெரிய தேவாலயத்தைக் காக்கும் பொறுப்பைப் பெற்றார். கனத்த வளைவுக் கூரைகள் சுவர்களை வெளிப்புறமாகத் தள்ளுவதை உணர்ந்து, அவற்றுள் சிலவற்றைப் பிரித்து, எடை குறைந்தனவாக மீண்டும் கட்டினார். 1844 இல் பாரிசு நகரின் நோத்ரதாம் தேவாலயத் திருப்பணியும் இவரிடமும் லாசு என்பாரிடமும் ஒப்படைக்கப்பட்டது.

கார்க்கசோனில் இவர் சிதைந்த மதில்களைச் செப்பனிட்டார், கோபுரங்களுக்குக் கூரையிட்டார். ஆயினும் குறை கூறுவோர் இல்லாமற் போகவில்லை. கற்பலகை வேய்ந்த கூர்ங்கூரைகள் வடநாட்டுக்கு உரியவை என்றும், தென்னாட்டுக் கோட்டைக்கு அவை பொருந்தா என்றும் பலர் கண்டித்தனர். அக்கண்டனத்தில் உண்மை உண்டு. பிற்காலத்தார் சில கோபுரங்களுக்கு ஓட்டுக்கூரை இட்டு அதனைத் திருத்தினர்.

தாம் கற்றவற்றைப் பத்துத் தொகுதிகள் கொண்ட கட்டடக்கலை அகராதியாகவும் இவர் எழுதி வைத்தார். 1879 இல் மறைந்தார். கார்க்கசோன் கோட்டை 1997 இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பெற்றது. தவறாக வேய்ந்த கூரையைப் பின்னர் மாற்றிவிடலாம்; இடித்தழித்த மதிலை எவராலும் மீட்க இயலாது. முன்னோர் கட்டியவற்றைக் காக்க முனைவோர் மறவாது மனத்திற்கொள்ள வேண்டிய பாடம் இதுவேயாகும்.